லினக்ஸ் போட்டாச்சு, சரி. ஆனா பேங்க் கேட்கப்போற கேள்வி வேற

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து எனக்கு வருகிற கேள்விகளில் ஒரு புது ரகம் சேர்ந்திருக்கிறது. "சார், பழைய லேப்டாப். விண்டோஸ் 11 ஏறாதாம். பையன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துட்டான். இதுல நெட் பேங்கிங் பண்ணலாமா, ஐடிஆர் போடலாமா?"

பண்ணலாம். தாராளமாகப் பண்ணலாம். ஆதரவு முடிந்துபோன விண்டோஸில் உட்கார்ந்து பணம் அனுப்புவதைவிட, ஒழுங்காக அப்டேட் வருகிற லினக்ஸ் எவ்வளவோ மேல். புது லேப்டாப் வாங்கும் செலவும் மிச்சம். டாலி இல்லாமல் பிழைப்பு ஓடாதவர்கள் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது.

ஆனால் கேட்கிறவர்கள் அடுத்த வரியிலேயே, "லினக்ஸ்ல வைரஸே வராதாமே, இனி பயமில்லை"ன்னு சேர்த்துக்கிறாங்க. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

உங்கள் கணக்கிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்குக்குப் போகிறீர்கள். என்ன ஆபரேட்டிங் சிஸ்டம்னு அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். ஓடிபி யாருக்காவது சொன்னீங்களா, பாஸ்வேர்டை எங்கயாவது டைப் பண்ணீங்களா, எங்ககிட்ட எப்போ சொன்னீங்க. இதுதான் கேள்வி.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் 2017 ஜூலை 6-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இருக்கிறது. தப்பு பேங்க் பக்கம் என்றால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக்கூடாது. தப்பு பேங்க் மீதும் இல்லை, உங்கள் மீதும் இல்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் அப்போதும் உங்களுக்குப் பொறுப்பில்லை. 4 முதல் 7 நாள் என்றால் ஓர் உச்சவரம்புவரை நீங்கள் ஏற்கவேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கென்றால் அது 10,000 ரூபாய். 7 நாளும் தாண்டிவிட்டால் அந்தந்த பேங்கின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான்.

நீங்களே பாஸ்வேர்டையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால் கதை வேறு. பேங்குக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போன முழுத்தொகையும் உங்கள் தலையில்தான். தெரிவித்த பிறகு போவதற்கு பேங்க் பொறுப்பு. உங்கள் மீது தப்பு என்று நிரூபிக்கவேண்டிய சுமை பேங்குக்குத்தான் என்பது ஓர் ஆறுதல். ஆனால் சரியான பாஸ்வேர்டும் சரியான ஓடிபியும் விழுந்திருக்கிறது என்ற பதிவு அவர்கள் கையில் இருக்கும். அதற்கு எதிரில் உங்கள் வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே லினக்ஸ் பாதுகாப்பைப் பற்றி நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கையாலேயே சாவியைக் கொடுத்துவிடாமல் அது உங்களைக் காப்பாற்றுமா? பெரும்பாலும் காப்பாற்றாது. ஏன் என்று பார்ப்போம்.

ஃபயர்வாலிலிருந்து ஆரம்பிக்கிறேன். லினக்ஸ் என்றதும் எல்லாரும் நம்புகிற சாமான் அதுதான். உபுண்டுவிலும் மின்ட்டிலும் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கூடவே வருகிறது. ஆனால் அது அணைத்துவைக்கப்பட்டுத்தான் வருகிறது. இது தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறைய. மின்ட்டில் மெனுவில் ஃபயர்வால் என்று தேடித் திறந்து, ஒரு பொத்தானைத் தள்ளினால் முடிந்தது. உபுண்டுவில் டெர்மினலைத் திறந்து, 'சுடோ யுஎஃப்டபிள்யூ எனேபிள்' என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் போதும். ஃபெடோராவில் வேறு ஃபயர்வால், அது முதலிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

போட்டுவிடுங்கள், காசா பணமா. ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். யுஎஃப்டபிள்யூ தானாக வைத்திருக்கும் விதி, வெளியிலிருந்து உள்ளே வர முயல்வதைத் தடு, உள்ளிருந்து வெளியே போவதை விடு என்பது. நம்ம ஊர் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி. வருகிறவர்களிடம் நோட்டில் பெயர் எழுதச் சொல்வார். உள்ளேயிருந்து ஒருவர் டிவியைத் தூக்கிக்கொண்டு போனால் கேட் திறந்துவிட்டு வணக்கம் வைப்பார். வீட்டு வைஃபையில் இருக்கும்போது, வெளியிலிருந்து வருவதை உங்கள் ரவுட்டரே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஹோட்டல், ரயில் நிலையம், காபி கடை வைஃபையில் உட்காரும்போதுதான் இந்த வாட்ச்மேனுக்கு நிஜமான வேலை.

எனிடெஸ்க் மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். "பேங்கிலிருந்து பேசுறோம், கேஒய்சி முடியப்போகுது"ன்னு ஒரு குரல். எனிடெஸ்க்கை இறக்கச் சொல்லும், திரையில் வரும் எண்ணைப் படிக்கச் சொல்லும். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதைப்பற்றி வங்கிகளை எச்சரித்தது. எனிடெஸ்க் லினக்ஸுக்கும் இருக்கிறது, டீம்வியூவரும் இருக்கிறது. இரண்டும் உங்கள் கணினியிலிருந்து வெளியே போய்த் தொடர்பு ஏற்படுத்திக்கொள்பவை. ஃபயர்வால் சத்தமே போடாது, போடவும் கூடாது. நிறுவியது நீங்கள், எண்ணைச் சொன்னது நீங்கள், அனுமதி பொத்தானை அழுத்தியதும் நீங்கள். பேங்கின் பார்வையில் இது எந்தப் பிரிவில் விழும் என்று மேலே படித்துவிட்டீர்கள்.

"நான் கண்ட கண்ட சைட்ல இறக்கமாட்டேன் சார், ஆப் ஸ்டோர்ல இருந்துதான்"னு சொல்பவர்களுக்கு 2024 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லவேண்டும். உபுண்டுவின் சொந்தக் கடை ஸ்னாப் ஸ்டோர். அதில் எக்ஸோடஸ் என்ற பிரபலமான கிரிப்டோ வாலட்டின் பெயரில் ஒரு போலி செயலி இருந்தது. ஒருவர் அதை நிறுவினார். வாலட்டைத் திறக்க 12 சொற்களைக் கேட்டது. கொடுத்தார். 9-க்கும் மேற்பட்ட பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம் டாலர், போயே போய்விட்டது. எந்தக் கணினி ஓட்டையையும் யாரும் உடைக்கவில்லை. அந்தச் செயலி தனக்குக் கொடுத்த கூண்டுக்குள்ளேயேதான் இருந்தது. ஒரு கேள்வி கேட்டது, பதில் கிடைத்தது, அவ்வளவுதான். கிரிப்டோவில் 3 வேலை நாள் என்ற பேச்சும் கிடையாது, போய்க் கேட்க ஒரு மேனேஜரும் கிடையாது.

இது வெளிநாட்டுக் கதை என்று தள்ளவேண்டாம், நம்ம நாட்டிலும் நடந்திருக்கிறது. பாஸ் லினக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்ந்து வந்ததே, அது. சி-டாக் உருவாக்கியது. அதை ஓட்டும் இந்திய அரசு, பாதுகாப்புத் துறை கணினிகளைக் குறிவைத்து 2025-இல் மின்னஞ்சல்கள் வந்தன. பாகிஸ்தானோடு தொடர்புள்ளதாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொல்லும் ஏபிடி36 என்ற குழுவின் வேலை. இணைப்பு ஓர் ஆவணம் போலவே தெரியும். உண்மையில் அது 'டெஸ்க்டாப்' வகைக் கோப்பு, அதாவது லினக்ஸில் ஒரு புரோகிராமை இயக்கும் ஷார்ட்கட். திறந்தால் சந்தேகம் வராதபடி ஒரு நிஜ ஆவணமும் திரையில் வரும். பின்னணியில் வேவு மென்பொருள் இறங்கிக்கொண்டிருக்கும்.

லினக்ஸில் வைரஸ் வராது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? வீட்டுக் கணினிகளில் லினக்ஸ் குறைவு, அதனால் திருடன் மெனக்கெடவில்லை என்பது ஒரு பாதி. இன்னொரு பாதி நிஜமான பலம். சிஸ்டத்தில் எதையாவது மாற்றவேண்டும் என்றால் சுடோ பாஸ்வேர்ட் கேட்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒன்று கவனியுங்கள். உங்கள் பணத்தைத் திருட சிஸ்டத்தை மாற்றவேண்டிய அவசியமே இல்லை. திருடனுக்கு வேண்டியது எல்லாம் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கிறது. நீங்கள் ஓட்டுகிற எந்தப் புரோகிராமும், தனிக் கூண்டில் அடைக்கப்படாவிட்டால், பாஸ்வேர்டே கேட்காமல் அதைப் படிக்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைத்து, பிரைமரி பாஸ்வேர்ட் போடாமல் விட்டிருந்தால் அவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாம்.

உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை இப்போது ஒருமுறை திறந்து பாருங்கள். ஆடிட்டர் கேட்டார் என்று ஸ்கேன் பண்ணின பான் கார்டு. அதன் பக்கத்தில் ஏஐஎஸ் பிடிஎஃப். அதற்குக் கீழே இ-ஆதார். பிடிஎஃப்-க்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கே என்பீர்கள். ஏஐஎஸ்-இன் பாஸ்வேர்ட் உங்கள் பான் எண்ணும் பிறந்த தேதியும். இ-ஆதாரின் பாஸ்வேர்ட் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். இத்தனையும் அந்த பான் கார்டு ஸ்கேனிலேயே அச்சாகி இருக்கிறது. பீரோவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட மாதிரி. வாடிக்கையாளர்கள் எனக்கு அனுப்பும்போது ஒரே மின்னஞ்சலில் மூன்றையும் இணைத்து அனுப்புவதைப் பார்த்தால் எனக்கே பகீரென்கிறது.

இதற்கு லினக்ஸில் காசில்லாத ஒரு நல்ல தீர்வு இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. பணத்துக்கென்று தனியாக ஒரு யூசர் அக்கவுன்ட். சினிமா, கேம், கண்டதையும் இறக்கிப்பார்ப்பது எல்லாம் ஒரு யூசரில். பேங்க், டீமேட், வருமான வரி, அந்த பிடிஎஃப்கள் இன்னொரு யூசரில், வேறு பாஸ்வேர்டோடு. உபுண்டு 21.04-லிருந்து ஒரு யூசரின் ஹோம் ஃபோல்டரை இன்னொரு யூசர் திறந்து பார்க்க முடியாதபடிதான் அமைக்கிறார்கள். மற்றவற்றில் அந்த அனுமதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சும்மா 'ஸ்விட்ச் யூசர்' போடாமல் முழுசாக லாக்-அவுட் செய்யுங்கள். மின்ட் இன்னமும் தானாகப் பயன்படுத்தும் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில், ஒரே திரையில் ஓடும் ஒரு புரோகிராம் இன்னொன்றில் நீங்கள் தட்டுவதைக் கவனிக்க முடியும். தனி லாகின் வைத்துக்கொள்ள அதுவும் ஒரு காரணம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் யூசருக்கு சுடோ உரிமையே வேண்டாம். அழுவார்கள், பரவாயில்லை.

சுடோ என்றதும் இன்னொன்று. யூடியூபில் 'இந்த ஒரு கமாண்டைக் காப்பி பண்ணிப் போடுங்க'ன்னு சொல்லும் வீடியோக்கள். இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி, படித்துக்கூடப் பார்க்காமல் நேராக இயக்கும் கட்டளைகள் அதில் பாதி. படித்துப் பார்க்காமல் செக்கில் கையெழுத்துப் போடுவீர்களா? சுடோ பாஸ்வேர்ட் ஒரு கையெழுத்து. நம்ம சேனல் டிஸ்கிரிப்ஷனில் நான் கட்டளை ஏதாவது கொடுத்தாலும், அது என்ன செய்கிறது என்று ஒருமுறை தேடிப்பார்த்துவிட்டே போடுங்கள்.

அப்டேட்டைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, போடுங்கள் என்பதைத் தவிர. 2022 ஜனவரியில் வெளியே வந்த ப்வன்கிட் என்ற ஓட்டை 2009-லிருந்து எல்லா முக்கிய லினக்ஸிலும் இருந்தது. சாதாரண யூசர் ஒரே தாவலில் முழு அதிகாரத்தையும் பிடிக்கலாம். 12 வருடம் யார் கண்ணிலும் படவில்லை, பட்டதும் உடனே சரிசெய்தார்கள். சரிசெய்தது அப்டேட் போட்டவருக்கு மட்டும்தான் வரும். உபுண்டு பாதுகாப்பு அப்டேட்டைத் தானாகப் போட்டுக்கொள்ளும், மின்ட்டில் அதை நீங்கள்தான் அப்டேட் மேனேஜர் செட்டிங்ஸில் போய் இயக்கவேண்டும். கர்னல் அப்டேட் வந்தால் ரீஸ்டார்ட் செய்தால்தான் பலன். உங்கள் பதிப்புக்கு ஆதரவு எப்போது முடிகிறது என்று காலண்டரில் குறித்துவையுங்கள். உபுண்டு 20.04-க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதை இன்னும் அப்படியே ஓட்டிக்கொண்டு விண்டோஸ் 10 வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கிண்டல் செய்வதில் அர்த்தமில்லை.

ஆன்டிவைரஸ்? வீட்டு லினக்ஸுக்கு அவசியமில்லை என்பது என் கருத்து. அதற்குச் செலவழிக்கும் கவனத்தை பேக்கப்பில் வையுங்கள்.

பேக்கப்பில் ஒரு பொறி இருக்கிறது. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற ஒன்று வரும். அதைப் போட்டுவிட்டு பேக்கப் ஆச்சு என்று நிம்மதியாக இருக்கிறார்கள். டைம்ஷிஃப்ட் சிஸ்டம் கோப்புகளைத்தான் சேமிக்கும், உங்கள் ஹோம் ஃபோல்டரைத் தானாகச் சேர்க்காது. டிஸ்க் போனால் லினக்ஸ் திரும்பி வரும், உங்கள் இன்வாய்ஸ் வராது. கடை வைத்திருப்பவர்களே, ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். லேப்டாப் போயிடுச்சு என்பது அதிகாரியிடம் எடுபடுகிற பதில் இல்லை. ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க், வாரம் ஒருமுறை, மற்ற நேரத்தில் கழற்றி பீரோவில்.

லேப்டாப்பே திருடு போனால்? லாகின் பாஸ்வேர்ட் ஒரு தடுப்பே இல்லை. ஒரு யூஎஸ்பியில் வேறு லினக்ஸைப் போட்டு பூட் செய்தால் உங்கள் கோப்புகள் எல்லாம் திறந்த புத்தகம். இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யவா என்று ஒரு கட்டம் வரும். அதை டிக் செய்திருந்தால் தப்பித்தீர்கள். செய்யவில்லை என்றால் மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் சுலபமான வழி. அலைச்சல்தான், ஆனால் அடிக்கடி வெளியே எடுத்துப்போகிற லேப்டாப்புக்கு நான் இதைக் கட்டாயம் என்பேன். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் மீட்டுத்தர யாராலும் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் எழுதி, உயில் வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள்.

"சாதாரண ஜனங்க இவ்வளவும் பண்ண முடியுமா சார்?" நியாயமான கேள்வி. முடியாது என்றுதான் நினைக்கிறேன், எல்லாராலும் முடியாது. அதனால்தான், அப்பாவுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் பையன், பெண் மீது எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. போட்டுக் கொடுத்துவிட்டு, வைரஸ் வராதுப்பா, ஜாலியா யூஸ் பண்ணுங்க என்று சொல்லிவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். அப்பா ரிட்டயர்மென்ட் பணம் முழுவதையும் அந்த லேப்டாப்பில் பார்க்கிறார். விண்டோஸில் இருந்தபோது எதைத் தொட்டாலும் ஏதோ ஓர் எச்சரிக்கை குறுக்கே வந்து அவரைத் தயங்கவைத்தது. இப்போது நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அந்தத் தயக்கத்தையும் எடுத்துவிட்டது. இது உதவியா? கம்பெனியில் கணினி போட்டுக்கொடுத்தால் சிஸ்டம் அட்மின் என்று ஒருவர் பொறுப்பில் இருப்பார். வீட்டில் போட்டுக்கொடுத்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. மாதம் ஒருமுறை போன் போட்டு அப்டேட் ஆச்சா என்று கேட்கக்கூட நேரமில்லை என்றால் லினக்ஸ் போட்டுத் தராதீர்கள்.

நேரம் இருக்கிறது என்றால், அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். ஃபயர்வாலைப் போடுங்கள், தானியங்கி அப்டேட்டை இயக்குங்கள், பணத்துக்குத் தனி யூசர், அப்பாவுக்கு சுடோ இல்லை. புதிதாக எதையாவது நிறுவச் சொல்லி யார் போனில் பேசினாலும், பாஸ்வேர்ட் பையன்கிட்ட இருக்கு என்று அவர் சொல்லட்டும். பாதி மோசடி அந்த இடத்திலேயே சலித்துப்போய் போனை வைத்துவிடும் என்பது என் எண்ணம்.

அதையும் மீறிப் பணம் போய்விட்டால், முதலில் பேங்க், உடனே 1930. பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவுவதற்குள் நிறுத்த அதுதான் வழி. லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். பதற்றத்தில் ஃபார்மட் செய்துவிடாதீர்கள், புகாருக்கு ஆதாரம் வேண்டும். பேங்குக்குச் சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதிவையுங்கள், அந்த 3 நாள் கணக்கு அதை வைத்துத்தான். இந்த நஷ்டத்தை ஐடிஆரில் கழிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சம்பளம், பென்ஷன் வாங்குபவர்களுக்கு அப்படி ஒரு கழிவு கிடையாது.

பேங்கின் புகார் எண்ணையும் 1930-ஐயும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி லேப்டாப் மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். மின்ட்டில் ஃபயர்வாலும் தனி யூசரும் அமைப்பதை அடுத்த வீடியோவில் திரையிலேயே செய்து காட்டுகிறேன்.